ஒன்பது சேனல்

"விழுந்தா நான் பிடிக்க மாட்டேன்" என்றார் மேடம், கீழேயிருந்து.

"தெரியும் மேடம். என்னைப் பிடிக்கணும்னா கிரேன்தான் வரணும்" என்று சொல்லிக்கொண்டே ஏணியின் ஆறாவது படியில் காலை வைத்தேன். ஏணி என்னை நம்பவில்லை என்பது அது போட்ட சத்தத்திலேயே தெரிந்தது.

மேடம் பன்னிரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் அவருடைய உதவியாளன். வயது நாற்பத்து நான்கு. எடையைப் பற்றி நாம் பேசவேண்டாம். என் பெயர் என்னவென்று மேடத்துக்கே மறந்திருக்கும், ஆறு வருஷமாக "வாய்" என்றுதான் கூப்பிடுகிறார்.

நான் ஏறிக்கொண்டிருந்தது ஒரு கேரவனின் கூரைக்கு. அந்த மைதானத்தில் முப்பது கேரவன்கள் வரிசையாக நிற்கின்றன. சக்கரம் வைத்த வீடுகள். சிலர் விடுமுறைக்கு வருகிறார்கள். சிலர் இதிலேயே குடியிருக்கிறார்கள். எங்களைக் கூப்பிட்ட டீச்சரும் அவருடைய கணவரும் குடியிருப்பவர்கள். டீச்சர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. கணவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ஓடாமல் ஒரே இடத்தில் நிற்கும் வீட்டில் தனக்குத் தூக்கம் வராது என்று சொல்லி, வீட்டை விற்றுவிட்டு இந்த வண்டியை வாங்கினாராம்.

நான்கு வருஷமாக டிரைவருக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. போன சனிக்கிழமை வண்டியோடு காணாமல் போனார். அன்று மாலையே மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு பெட்ரோல் பங்கின் பின்னால் வண்டி கிடைத்தது. டிரைவர் கிடைக்கவில்லை. போலீஸ் பங்கைச் சுற்றியுள்ள புதர், கிணறு, வாய்க்கால் எல்லாவற்றையும் துழாவி முடித்து, வண்டியை டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு, தகவல் வந்தால் சொல்கிறோம் என்று போய்விட்டது. இன்று செவ்வாய். அவர் வேளை தவறாமல் சாப்பிடவேண்டிய இதய மாத்திரைகள் அப்படியே டப்பாவில் இருந்தன. இன்னும் ரெண்டு நாள் தாங்குவார், அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"கூரையில என்ன இருக்குன்னு சொல்லு, உன் மூச்சு வாங்குற சத்தம் வேண்டாம்" என்றார் மேடம்.

"புது ஆண்டெனா இருக்கு மேடம். ஆண்டெனாக்காரரும் இருக்கார். ரொம்பக் கோபமா இருக்கார்."

ஆண்டெனாக்காரர் உண்மையிலேயே கோபமாக இருந்தார். ஐம்பது வயது, ஒல்லியான உடம்பு, இடுப்பில் ஒரு பை நிறைய ஸ்க்ரூ டிரைவர். வியாழக்கிழமை இந்தக் கூரையில் பழைய ஆண்டெனாவை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டியவர் அவர்தான். அந்த வாரத்தில் வண்டியில் புதிதாக வந்த பொருள் அது ஒன்றுதான் என்பதால் மேடம் அங்கேயிருந்து ஆரம்பித்தார்.

"என் வேலையில என்ன சார் சந்தேகம்? ஆள் காணாமப் போனா ஆண்டெனா என்ன பண்ணும்?" என்றார் என்னிடம்.

"அண்ணே, சந்தேகமெல்லாம் இல்லை. என்ன மாட்டினீங்க, எப்படி மாட்டினீங்க, அதை மட்டும் சொல்லுங்க."

வேலையைப் பற்றிக் கேட்டதும் கோபம் பாதி இறங்கிவிட்டது. பழையது சிறகு விரித்த மாதிரி இருக்குமாம். உள்ளே உட்கார்ந்து கூரையில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் மேலே எழும்பும். பிறகு டவர் இருக்கும் பக்கமாகத் திருப்பவேண்டும். வண்டியை எடுப்பதற்கு முன் மறக்காமல் இறக்கவேண்டும்.

"அந்த டிரைவர் சார் ரெண்டு தடவை இறக்க மறந்துட்டு மரத்துல இடிச்சிட்டார். அதனால இந்த வட்டமான டப்பாவைப் போட்டேன். ஏத்த வேண்டாம், இறக்க வேண்டாம், திருப்ப வேண்டாம். நாலு பக்கத்துலேயிருந்தும் இழுக்கும். பழைய ஓட்டை மேல தகடு வெச்சு, சுத்தி பசை பூசி இருக்கேன். விரலை வெச்சுப் பாருங்க, ஒரு சொட்டு தண்ணி இறங்காது."

வைத்துப் பார்த்தேன். ரப்பர் போல இறுகியிருந்தது. டப்பாவில் ஒரு கீறல்கூட இல்லை. மரக்கிளை உரசிய தடம், ஒடிந்த இலை, எதுவும் இல்லை. வண்டி எந்த வழியாகப் போனது என்று கூரை சொல்லும் என மேடம் எதிர்பார்த்திருந்தார். கூரை வாயைத் திறக்கவில்லை.

"ஒண்ணும் இல்லை மேடம்!" என்று கத்தினேன்.

"அப்ப இறங்கு. கீழ டிவி இருக்கு."

கேரவனுக்குள் நான்கு பேர் நின்றால் ஐந்தாவது ஆளுக்குக் காற்று கிடையாது. டீச்சர் கட்டில் ஓரத்தில் ஒடுங்கி நின்றார். அறுபத்தெட்டு வயது, மூக்குக் கண்ணாடி, மூன்று நாளாகத் தூங்காத கண். எதிரே டிவி, அதன் மேலே ஒரு சின்ன அலமாரி. ஜன்னல் ஓரத்து நாற்காலியின் கைப்பிடியில் துணி தேய்ந்து பஞ்சு தெரிந்தது. டிரைவர் உட்காரும் இடம் அதுதான் என்று சொல்லாமலே புரிந்தது.

"பூஸ்டர் ஸ்விட்ச் எங்க இருக்கு?" என்று கேட்டார் மேடம். ஆண்டெனா இழுப்பதை டிவிக்கு ஏற்றிக் கொடுக்கும் ஸ்விட்ச் அது. அது எரியாவிட்டால் ஒரு சேனலும் வராது, வண்டியைக் கிளப்பினால் தானாக அணைந்துவிடும், மறுபடி கையால்தான் போடவேண்டும் என்று ஆண்டெனாக்காரர் எங்களுக்கு விளக்கினார்.

"அலமாரிக்குள்ள வெச்சிருக்கேன்" என்றார். "சாதாரணமா டிவி பக்கத்துலதான் வைப்பேன். அம்மாதான் உள்ள வைக்கச் சொன்னாங்க. அவர் கண்ணுல பட்டா எல்லா ஸ்விட்சையும் அமுக்கிடறாராம்."

டீச்சர் கழுத்திலிருந்த கயிற்றில் கோத்த சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தார். உள்ளே மாத்திரை டப்பா, தீப்பெட்டி, கத்தி, டிரைவர் கைக்கு எட்டக்கூடாத எல்லாம் இருந்தன. ஓரத்தில் பூஸ்டர், ஆண்டெனாக்காரர் அமுக்கியதும் அதில் பச்சை விளக்கு எரிந்தது. கதவின் உட்புறம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. கோணல் எழுத்தில், "வியாழன். 38."

"இது என்ன அண்ணே, உங்க எடையா?" என்றேன்.

"சேனல் சார்! ஸ்கேன் போட்டு எத்தனை வருதுன்னு எழுதி ஒட்டாம நான் எந்த வண்டியை விட்டும் இறங்க மாட்டேன். நாளைக்கு யாராவது வந்து பத்துதான் வந்துச்சுன்னு சண்டை போடக்கூடாது பாருங்க. முப்பத்தெட்டு! இந்த மைதானத்துல எவனுக்கும் முப்பது தாண்டாது."

பெருமையோடு ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டார். சேனல் பட்டியல் திரையில் வந்தது. அவர் முகத்திலிருந்த பெருமை அப்படியே வழிந்து இறங்கிவிட்டது.

ஒன்பது.

"ஐயையோ" என்றார் ஆண்டெனாக்காரர். "இதெப்படி? நான் போட்டது ஒண்ணுகூட இல்லையே!"

"அண்ணே, எழுதி ஒட்டினது நல்லதாப் போச்சு, இல்லைன்னா மேடம் உங்களை உள்ள தள்ளியிருப்பாங்க" என்றேன்.

"நீ வாயை மூடு" என்றார் மேடம். "இந்த ஒன்பதும் எந்த டவர்ல இருந்து வருது?"

ஆண்டெனாக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையின் பக்கத்தில் போய் ஒவ்வொரு பெயராகப் படித்தார். "இது எல்லாமே அணைக்கட்டு டவர் மேடம். மலைக்கு அந்தப் பக்கம். இங்க இது வரவே வராது, மலை மறைச்சிடும். அந்த ஊருக்குப் போய் நின்னுதான் ஸ்கேன் போட்டிருக்கணும். இடம் மாறினா பழைய பட்டியல் செத்துப்போகும், புதுசா ஸ்கேன் போடணும்."

அணைக்கட்டு ஊர் இங்கேயிருந்து எழுபது கிலோமீட்டர். போலீஸ் மூன்று நாளாகப் பெட்ரோல் பங்கைச் சுற்றி வாய்க்காலில் கோல் விட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது!

"மேடம், கேஸ் முடிஞ்சது! டிரைவர் சார் வண்டியை எடுத்துக்கிட்டு மலை தாண்டிப் போயிருக்கார். டிவி வரல. ஸ்கேன் போட்டிருக்கார். அப்புறம்..." என்று ஆரம்பித்தவன் அங்கேயே நின்றுவிட்டேன்.

"அப்புறம்?" என்றார் மேடம்.

"அப்புறம் வண்டி மட்டும் எப்படித் திரும்பி வந்துச்சு?"

மேடம் டீச்சரிடம் மெதுவாகத் திரும்பி, "டீச்சர், கிளம்புங்க. மாத்திரையை எடுத்துக்கோங்க. அணைக்கட்டு வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றார். டீச்சர் மறு பேச்சுப் பேசாமல் மாத்திரை டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். எங்கே, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எனக்கு அப்போது விநோதமாகப் படவில்லை. என் மூளை எப்போதும் வாயைவிட ஒரு ஸ்டாப்பிங் பின்னால்தான் வரும்.

காரை நான் ஓட்டினேன். மேடமும் டீச்சரும் பின்னால் உட்கார்ந்தார்கள். மலைப்பாதை ஆரம்பித்தது. மூன்றாவது வளைவில் மேடம் சாதாரணமாகக் கேட்டார்.

"டீச்சர், அலமாரிச் சாவி உங்க கழுத்தை விட்டு எப்பவாவது இறங்குமா?"

"இல்லை."

"குளிக்கும்போது?"

"அப்பவும் இல்லை. அவர் கையில கிடைச்சா அவ்வளவுதான்."

"பூஸ்டர் எரியாம ஸ்கேன் போட்டா ஒரு சேனலும் வராது. ஒன்பது வந்திருக்கு. அப்போ அணைக்கட்டுல யாரோ அலமாரியைத் திறந்து பூஸ்டரைப் போட்டிருக்காங்க."

நான் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். "மேடம்!" என்றேன்.

"ரோட்டைப் பாரு."

பார்த்தேன். வேறு என்ன செய்ய முடியும்? முதுகுக்குப் பின்னால் டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. மேடம் அவசரப்படுத்தவில்லை. இரண்டு வளைவு போனது.

"நான்தான் ஓட்டிட்டுப் போனேன்" என்றார் டீச்சர். "நான்தான் அவரை பஸ் ஸ்டாண்டுல உட்கார வெச்சிட்டு வந்துட்டேன்."

நான் கியரைக் குறைத்து காரை மெதுவாக்கினேன்.

"நாலு வருஷம். ராத்திரி ஒரு மணி நேரம் தொடர்ந்து தூங்கினதில்லை. கதவைத் திறந்துட்டுப் போயிடுவார். தேடிக் கூட்டிட்டு வருவேன். மறுபடியும் போவார். டிவி ஓடினா மட்டும் கொஞ்சம் உட்காருவார். பழைய ஆண்டெனால படம் விட்டு விட்டு வரும். படம் போனா இவரும் எழுந்து போயிடுவார். அதான் புதுசு மாட்டினேன். அதை ஒண்ணைத்தான் நம்பினேன். வியாழக்கிழமை ராத்திரி உட்கார்ந்தார். நான் அழுதுட்டேன், சந்தோஷத்துல. வெள்ளிக்கிழமை முப்பத்தெட்டு சேனலும் ஓடுது, அவர் கதவுக்கிட்ட நிக்கிறார்."

"சனிக்கிழமை?" என்றார் மேடம்.

"என்னால முடியல. பஸ் ஸ்டாண்டுன்னா பழகின இடம், பஸ்ஸைப் பாத்துட்டு இருப்பார், யாராவது நல்ல இடத்துல சேர்த்துடுவாங்கன்னு நினைச்சேன். அங்க போயி நிறுத்தினதும் மனசு கேக்கல. கடைசியா ஒரு தடவை டிவியைப் போட்டுப் பாப்போம், உட்கார்ந்தார்னா அப்படியே திரும்பக் கூட்டிட்டுப் போயிடலாம்னு பூஸ்டரைப் போட்டேன். ஆண்டெனாக்காரர் சொல்லிக்கொடுத்தபடி ஸ்கேன் போட்டேன். ஒன்பது சேனல் வந்துச்சு. அஞ்சு நிமிஷம் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்துட்டார்."

டீச்சர் மூச்சு விட்டுக்கொண்டார். "பத்து கிலோமீட்டர் கூடத் தாண்டல. திரும்பிப் போனேன். பெஞ்சுல அவர் இல்லை. மத்தியானம் வரைக்கும் தேடினேன். அப்புறம் பயந்துபோய் வண்டியை அந்தப் பெட்ரோல் பங்குக்குப் பின்னால விட்டுட்டு வந்துட்டேன்."

"இதைப் போலீஸ்ல சொல்லியிருந்தா மூணு நாளைக்கு முன்னாடியே அங்க தேடியிருப்பாங்களே அம்மா!" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று உடனே வெட்கமாகவும் இருந்தது.

"சொல்லணும்னுதான் போனேன். அந்த இன்ஸ்பெக்டர் என் மாணவன். 'கவலைப்படாதீங்க டீச்சர், சாரை நீங்க பார்த்துக்கிற மாதிரி யார் பார்த்துப்பாங்க'ன்னான். அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? அதான் உங்களைக் கூப்பிட்டேன். நான் சொல்லாமலே நீங்க கண்டுபிடிச்சிடணும்னு வேண்டிக்கிட்டேன்."

மேடம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷம் பொய்யைப் பிடித்தவர், பிடித்த பொய்யை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "வேகமாப் போ" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

அணைக்கட்டு ஊர் பஸ் ஸ்டாண்ட் பெரிதில்லை. எட்டு பஸ் நிற்கும். நாங்கள் காரை நிறுத்தி இறங்கிய நிமிஷம், தலைக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சனிக்கிழமை முதல் ஒரு பெண்மணியைக் காணவில்லை. வயது முப்பத்திரண்டு. மாநிறம். நீளமான ஒற்றைச் சடை. இடது புருவத்தில் சிறிய தழும்பு. பள்ளிக்கூட ஆசிரியை. பார்த்தவர்கள் நேரக் காப்பாளர் அறையில் தெரிவிக்கவும். அவருடைய கணவர் அங்கே காத்திருக்கிறார்."

டீச்சரின் கை தானாகப் புருவத்துக்குப் போனது. இடது புருவம். நரைத்த முடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே அந்தத் தழும்பு இருந்தது.

நேரக் காப்பாளர் பருத்த மனிதர், என் ஜாதி உடம்பு. ஒரு கையில் மைக்கும் மறு கையில் பேனாவும் வைத்திருந்தார்.

"ஆமாங்க, சனிக்கிழமையிலேருந்து இங்கதான் இருக்கார். பழைய டிரைவர்னு பார்த்தாலே தெரிஞ்சுது. எங்க டிரைவருங்க படுக்கிற ரூம்ல இடம் கொடுத்தோம், சாப்பாடு போடறோம். ஆனா ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கிறார். பஸ் வந்தா எழுந்து போயி உள்ள ஏறி ஒவ்வொரு சீட்டா பாத்துட்டு வர்றார். நேத்துலேருந்துதான் நடக்க முடியல, நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கார்."

"நான் சனிக்கிழமையே வந்து பாத்தேனே" என்றார் டீச்சர்.

"அன்னைக்கு அவரைப் பின்னாடி போலீஸ் அவுட்போஸ்ட்ல உட்கார வெச்சுட்டாங்க. புகார் எழுதி முடிக்கவே அரை நாள் ஆச்சு."

"யோவ், அவரை யாராவது தேடுவாங்கன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?" என்றேன் நான்.

"அவர்தானே சார் தேடறார்!" என்றார் அவர். "தேடறவரைப் போயி யாரு தேடுவாங்க? நாங்க எல்லாரும் மூணு நாளா சடை போட்ட பொண்ணு எவ வந்தாலும் நிறுத்தி நிறுத்திக் கேட்டுட்டு இருக்கோம். ரெண்டு பேரு செருப்பைக் கழட்டிட்டாங்க."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

அறைக்கு வெளியே ஒரு மர பெஞ்ச். அதன் ஒரு முனையில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். நெடிய ஆள், நான்கு நாள் தாடி, முகம் வெளுத்திருந்தது. பக்கத்தில் தன் துண்டை மடித்து வைத்திருந்தார். கண் மட்டும் வருகிற ஒவ்வொரு பஸ்ஸின் படிக்கட்டிலும் இருந்தது.

மேடம் தண்ணீர் பாட்டிலோடு டீச்சரை முன்னே விட்டார். நானும் மேடமும் தூணோரமாக நின்றோம்.

டீச்சர் போய், அந்தத் துண்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். டிரைவர் வாங்கி விழுங்கினார். அதில் அவருக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அந்தக் கையிலிருந்து எத்தனை மாத்திரை வாங்கியிருப்பார்! பிறகு மரியாதையாகத் திரும்பி, "ரொம்ப நன்றிம்மா. நீங்களும் யாரையாவது தேடுறீங்களா?" என்றார்.

டீச்சர் அவர் பக்கம் திரும்பினார். "என்னங்க, நான்தான். நான்தான் உங்களை இங்க விட்டுட்டுப் போயிட்டேன். தெரிஞ்சேதான் போனேன்."

டிரைவர் அவரை உற்றுப் பார்த்தார். புரிந்துகொள்ள நிஜமாகவே முயற்சி செய்தார், அது முகத்தில் தெரிந்தது. முடியவில்லை. டீச்சர் அழுவது மட்டும் புரிந்தது போலிருக்கிறது.

"அழாதீங்கம்மா. யாரையோ விட்டுட்டு வந்து வருத்தப்படுறீங்க, பாவம். எல்லாருக்கும் ஒரு நேரம் வருது. ஆனா எங்க வீட்ல அப்படி இல்லை. அவ விட்டுட்டுப் போறவ இல்லை. தப்பு என் மேலதான். முப்பத்தஞ்சு வருஷம் ஓட்டியிருக்கேன், ஒரு பாசஞ்சரைக்கூட விட்டுட்டு வண்டியை எடுத்ததில்லை. அவ ஏறினாளான்னு மட்டும் பாக்காம எடுத்துட்டேன்."

மேடம் என் பக்கம் திரும்பினார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, நான் ஏதாவது சொல்வேனா என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை.

ஒரு பஸ் உள்ளே திரும்பியது. டிரைவர் எழுந்திருக்கப் பார்த்தார், கால் ஒத்துழைக்கவில்லை. மறுபடி உட்கார்ந்துகொண்டு, டீச்சரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் தள்ளி உட்காருறீங்களா? அது அவளுக்கு வெச்சிருக்கிற இடம்."

டீச்சர் தள்ளி உட்கார்ந்தார்.